தண்டையார்பேட்டை வீட்டில் 4 மாத வாடகை பாக்கி: கரன்டை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள், பூட்டும் போடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி கரன்ட், தண்ணீரை நிறுத்துவது தவறு. வாடகைக்கு இருப்பவர் புகார் கொடுத்தால் வீட்டுக்காரரான உங்களுக்குத்தான் அபராதம். வாடகை நீதிமன்ற உத்தரவில்தான் காலி செய்ய வைக்க முடியும்.

ஒருவேளை அட்வான்ஸில் கழியட்டும் என்று இருக்கிறாரோ? வடசென்னையில் இது வழக்கம்தான். கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பாக்கியைக் குறிப்பிட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், டெலிவரி ஆதாரத்தோடு ஸ்பீட் போஸ்ட்டில். 2 மாதப் பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் மனு போடலாம். அதற்குள் வட்டியோடு கட்டிவிட்டால் இந்தக் காரணம் நிற்காது.

ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? வெறும் 20 ரூபாய் பத்திரம் மட்டும் என்றால், முதலில் வக்கீலைப் பாருங்கள். அவர் குடும்பத்தோடு இருக்கிறார், ஆள் வைத்து மிரட்ட மட்டும் வேண்டாம்.