வாலிபர் ஊழியத்துக்கு ஆள் சேர்க்கவும் நிலைக்க வைக்கவும்: கேள்வி பதில்

ஸ்தோத்திரம் அண்ணன். சபையின் பதின்ம வயதுப் பிள்ளைகளை நடத்தும் வாலிபர் ஊழியத்துக்கு ஆள் வேண்டும் என்று ஆராதனை முடிவில் மூன்று வாரமாக அறிவிப்புக் கொடுத்துப் பார்த்தோம். ஒருத்தரும் வரவில்லை.

வரமாட்டார்கள் தம்பி. பொதுவாகக் கேட்டால், வேறு யாராவது போவார்கள் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்துப் பேரின் பெயரை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள். "ஊழியத்துக்கு வாங்க" என்று சொல்லாமல், "ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஞாயிறு சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஏழு பேரோடு உட்காரணும்" என்று கேளுங்கள். வேலை, நேரம், முடிகிற மாதம் மூன்றும் தெரிந்தால் சம்மதிக்கிறவர்கள் அதிகம். பாடகர் குழுவில் இருப்பவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு ஏற்கெனவே சுமை ஜாஸ்தி. மேடையே ஏறாத அக்கா ஒருவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டால், அது கிட்டார் வாசிப்பதைவிடப் பெரிய உதவி.

நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை பேர் வேண்டும்?

வேதாகமத்தில் மாமனார் எத்திரோ, ஜனங்களை நடத்தத் தலைவர்களை வைக்கும்படி மோசேக்குச் சொன்ன கணக்கில் கடைசிப் படி பத்துப் பேருக்கு ஒருவர். பதின்ம வயதுக்கு அதுவே அதிகம், ஆறேழு பேருக்கு ஒருவர் போதும். ஆறு குழுவுக்கு ஆறு பொறுப்பாளர்கள், மாற்றாள் இரண்டு பேர், வாசல், பதிவேடு, கணக்குக்கு இரண்டு பேர். ஆக, பத்துப் பேர். மாற்றாள் இல்லாமல் ஆரம்பித்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்த வாரமே இரண்டு குழுவை ஒன்றாக்குவீர்கள். பேசாத பிள்ளை அதில் காணாமல் போகும்.

ஊருக்குப் புதிதாக வந்த தம்பி, நன்றாகப் பாடுகிறான். உடனே ஒரு குழு கேட்கிறான். கொடுக்கலாமா அண்ணன்?

உடனே வேண்டாம். ஆறு மாதம் சபையில் இருக்கட்டும். விண்ணப்பமும் ஆதார் நகலும் வாங்குங்கள். முந்தைய சபை ஆயரிடம் உங்கள் ஆயரே போனில் பேசட்டும். கையில் கொண்டுவரும் கடிதம் மட்டும் போதாது. பிறகு மூன்று மாதம் இன்னொரு பொறுப்பாளருக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும். இதற்குக் கோபப்படுகிறவரைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

எல்லாருக்கும், ஆயர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து, சில விதிகள் உண்டு. மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. பைக்கில் தனியாக ஏற்றிப் போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் தனிச் செய்தி கிடையாது. இன்னொரு பொறுப்பாளரும் இருக்கிற குழுவில்தான் பேச வேண்டும். முகாமில் பெரியவர்கள் படுக்க வேறு அறை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். "கமிட்டியில் பேசி முடிச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எல்லாப் பொறுப்பாளர் போனிலும் பதிந்து வையுங்கள்.

மே மாத வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள்.

அதே ஆறு பேர்தான் வி.பி.எஸ்., அசனம் என்கிற சபை விருந்து, கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள், இல்லையா? வி.பி.எஸ். முடிந்ததும் இரண்டு வாரம் கட்டாய ஓய்வு கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு லீவு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் வரும். அட்டவணையை அதைப் பார்த்தே போடுங்கள். இன்னொன்று பணம். சார்ட், ஜெராக்ஸ், பஸ் காசு எல்லாம் அவர்கள் கையிலிருந்து போகிறது, வாய் திறந்து கேட்கமாட்டார்கள். பொருளாளர் மாத ஆரம்பத்திலேயே சிறு தொகை கொடுத்துவிட்டு, பில்லைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

சேகரத் தேர்தல் (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்துக்கு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது) வந்தாலே எங்கள் டீம் இரண்டாக உடைகிறது அண்ணன்.

போட்டியிடுகிறவர் மனு கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும்வரை பொறுப்பை மாற்றாளிடம் கொடுத்துவிட வேண்டும். டீம் வாட்ஸ்அப்பில் வேட்பாளர் பெயரே வரக் கூடாது. தேர்தல் அறிவிக்கும் முன்பே இதை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அறிவித்த பிறகு எழுதினால் யாருக்கோ எதிராக எழுதியது என்பார்கள்.