கொல்லைக்குக் கைகொடுக்கும் சிறு மானியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பண்ருட்டிக்கு மேற்கே எனக்கு மூன்று ஏக்கர் செம்மண் கொல்லை இருக்கிறது. 2011 தானே புயலில் அப்பா வைத்த முந்திரி மரங்கள் அத்தனையும் சாய்ந்துவிட்டன. பிறகு ஒட்டுக்கன்று நட்டும் காய்ப்பு சரியில்லை. சரிவான நிலம் என்பதால் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து போகிறது. பதினைந்து ஆடுகளும் உண்டு. அரசு தரும் சிறு மானியங்களுக்காக அலைவது வீண் என்கிறார் என் அண்ணன். அவர் சொல்வது சரியா?

பதில்: உங்கள் அண்ணனின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சிறு தொகை பெரிய கடனை அடைக்காது என்பது உண்மை. மண் கரைவதை ஓர் இடத்தில் தடுத்து நிறுத்த அது போதும், அந்தத் தடுப்பின் பலன் ஆண்டுக்கு ஆண்டு கூடும். எனவே எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று தொடங்காமல், கொல்லைக்கு முதலில் எது வேண்டும் என்று தொடங்குங்கள். உங்கள் கொல்லைக்கு வேண்டியது, ஓடும் மழைநீரை நிறுத்துவதும், போன மேல்மண்ணுக்கு ஈடு செய்வதும்தான்.

சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுப்பதும், ஒவ்வொரு முந்திரிக்கும் தாழ்வான பக்கத்தில் பிறை வடிவில் கரை அணைப்பதும் வீட்டு ஆட்களே செய்யக்கூடிய வேலை. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். அடுத்தது வண்டல். உங்கள் வட்டத்துக்குள், மண் எடுக்க அறிவிக்கப்பட்ட ஏரியிலிருந்து, வட்டாட்சியரின் அனுமதி பெற்று, புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். நன்செய்க்கு இது 75 கன மீட்டர். மண்ணுக்கு விலை இல்லையே தவிர, வெட்டுக்கும் வண்டிக்கும் செலவு உண்டு. 90 கன மீட்டரை ஓர் ஏக்கர் முழுவதும் பரப்பினால் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கனம்தான் வரும். ஒரு நடைக்கு ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, என்று கணக்கிட்டாலும் டிராக்டர் முப்பது நடைக்கு மேல் அடிக்க வேண்டும். ஆகவே ஏரி எவ்வளவு தொலைவு என்பதே இங்கு முதல் கேள்வி. கையில் பணம் குறைவாக இருந்தால் கொல்லை முழுவதும் பரப்பாமல், மரத்தடிகளில் மட்டும் இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். அதற்கு முன்பு உங்கள் மண்ணையும் அந்த வண்டலையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது; உப்பு மிகுந்த வண்டலைக் கொட்டிவிட்டால் பிறகு அள்ள முடியாது.

இவற்றுக்குப் பிறகே சொட்டுநீர். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் நீங்கள் சிறு விவசாயி. அதாவது இரண்டரை ஏக்கருக்கு மேல், ஐந்து ஏக்கருக்குள். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் உள்ளிட்ட நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. வட்டாட்சியர் தரும் சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைத்துக்கொண்டால் அலைச்சலில் பாதி குறையும். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ஏனெனில் பலருடைய மனு நின்றுபோவது அங்கேதான். ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன்: நான் பார்த்த பல கொல்லைகளில் வடிகட்டியைக் கழுவாததால் சொட்டுவாய்கள் அடைத்து, குழாய்கள் சுருட்டப்பட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. அதே நிலத்துக்கு மீண்டும் மானியம் பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வரப்போரத்தில் மரம் வைக்க விரும்பினால், தமிழ்நாடு அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்றுகள் இலவசமாகத் தரப்படுகின்றன. பிழைத்து நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. நட்டதற்கு மட்டுமன்றிப் பிழைத்ததற்கும் பணம் தருவதால் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். இளங்கன்று உள்ள பகுதியில் ஆடுகளை விடாதீர்கள். வளர்ந்த மரங்களுக்கு இடையே இரவில் கிடை போடுங்கள். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது நம் பெரியவர்கள் நிலத்தில் கண்டு சொன்னது.

கேள்வி: குடியிருப்பது கடலூரில்; நிலம் இருப்பதோ புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியில். நான் எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான். குடும்ப அட்டை கடலூரில் இருப்பதால் தமிழ்நாட்டின் மானியம் பாகூர் நிலத்துக்கு வராது. அங்குள்ள புதுச்சேரி வேளாண் துறை அலுவலகத்தை அணுகுங்கள். இரு எல்லைகளும் பின்னிக் கிடக்கும் நம் பகுதியில் ஒருவருக்கே இரு பக்கமும் நிலம் இருப்பது வழக்கம்தான். அவ்வாறிருந்தால் ஆவணங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புவனகிரி அருகே இரண்டு ஏக்கர் நன்செயைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறேன். என் பெயரில் பட்டா இல்லை. எனக்கும் ஏதாவது உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் அம்மா, ஆனால் எல்லாமே கிடைக்காது. சொட்டுநீர் போன்ற நிலையான அமைப்புகளுக்குப் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகையை 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. நிலக்காரர் தயங்கினாலும் அவரிடம் பேசிப் பாருங்கள். அதற்கிடையில், நீங்களே சாகுபடி செய்கிறீர்கள் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டுப் பெறுங்கள்.

மண்ணுக்கு உடனடியாகச் செய்யத்தக்கது பசுந்தாள் உரம், அதாவது ஒரு செடியை வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுவது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதையும் இடம்பெற்றது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு உள்ளதா என்று சித்திரையிலேயே கேட்டுவிடுங்கள். பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, நாற்பத்தைந்து நாளில், பூக்கும் தறுவாயில், தண்டு முற்றி நாராகும் முன் மடக்கி உழ வேண்டும். சம்பா நாற்று விடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.