டைட்டானியம் ஃபிரேமா, அலுமினியம் ஃபிரேமா: சைக்கிளுக்கு எது?
ஃபிரேம் என்பது சக்கரம், ஹேண்டில்பார், சீட் எல்லாவற்றையும் தாங்கும் குழாய்க்கூடு. மெல்லிய கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா? அலுமினியத்தில் சின்ன அதிர்வுகளின் பாதிப்புகூட அப்படித்தான் சேர்ந்துகொண்டே போகும். அதனால் குழாயைப் பருமனாக, அதிகம் வளையாதபடி செய்கிறார்கள். பழைய ஃபிரேமில் பெடல் அச்சு பொருந்தும் மூட்டருகே மயிரிழை விரிசல் தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

டைட்டானியம் ஓர் அளவுக்குள் வளைந்து நிமிர்வதைப் பல்லாண்டு தாங்கும், துருவும் பிடிக்காது. ஆனால் குழாய்களைக் காற்றுப் படாமல் ஆர்கான் வாயு சூழப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) இணைக்க வேண்டும், விலையும் ஏறிவிடும். பெரும்பாலோருக்கு நல்ல அலுமினியமே போதும். மிச்சப் பணத்தை டயரில் போடுங்கள்.

டைட்டானியம்தான் லேசான உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் சுமார் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான்.