இராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கும் தாதி தங்கச்சிக்கு

கேள்வி: ஹட்டன் பக்கம் ஓர் அரச ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாகத் தாதியாக இருக்கிறேன், மெடிக்கல் வார்ட். நைட் முடிந்து வந்தால் தூக்கம் வருவதில்லை, பஸ்ஸில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நோயாளி கூப்பிட்டாலே எரிச்சலாக இருக்கிறது, முன்பு நான் இப்படி இல்லை. இராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன். அம்மாவோ, "அரசாங்க உத்தியோகத்த யாராச்சும் விடுவாங்களா" என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, கடிதத்தைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன், அலுமாரியிலேயே இருக்கட்டும். நைட் ஓடும் வாரத்தில் மட்டும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். தூக்கமில்லாத மூளைக்கு எல்லாக் கதவும் அடைத்தமாதிரிதான் தெரியும்.

முதலில் அந்த எரிச்சலைப் பற்றிச் சொல்கிறேன், உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். வேலையால் வரும் மனச்சோர்வை அளக்க கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, நோயாளியிடமிருந்து மனதால் விலகிப்போவது, நான் செய்வதால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று தோன்றுவது. உங்கள் எரிச்சல் அந்த இரண்டாவது. உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் தன் புதிய நோய்ப் பட்டியலில் இந்தச் சோர்வை விளக்கியபோது, வியாதி என்று எழுதவில்லை, வேலை சார்ந்த நிலைமை என்றே எழுதியது. அப்படியென்றால் மருந்தையும் வேலைக்குள்தான் தேட வேண்டும்.

சரி, உங்கள் வேலையில் எது உங்களை இப்படி அரைக்கிறது? நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். அந்த வார்டில் தமிழ் பேசுகிற தாதிமார் எத்தனை பேர்? உங்கள் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் பல வார்டுகளில் ஒரு ஷிஃப்டுக்குத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். அந்த ஒருவர் நீங்கள் என்றால், தாதி வேலையோடு சேர்த்து எங்கேயும் எழுதப்படாத மொழிபெயர்ப்பு வேலையையும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டியை டிஸ்சார்ஜ் செய்கிறோம் என்று வையுங்கள். கொழுந்துக் கறை போகாத விரலால் மருந்துப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், விளங்கியதா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டால் தலையை ஆட்டுகிறார். விளங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பையில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் பேனையால் கீறி, "இது காலையில பாட்டி, இது ராத்திரிக்கு" என்று சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து எழும்பினால் பத்து நிமிடம் போயிருக்கும். அதற்குள் 14ஆம் கட்டிலில் சேலைன் முடிந்திருக்கும், அதற்கு ஏச்சு விழுவது உங்களுக்கு. பாட்டி இனி மாத்திரையை மாற்றி விழுங்க மாட்டார், ஆனால் அதற்கு எந்த ரிஜிஸ்டரிலும் பத்தி கிடையாது. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய விடாத நிலைமை மனதை எப்படி அரிக்கும் என்று அண்ட்ரூ ஜேமெட்டன் என்ற தத்துவவியலாளர் 1984லேயே தாதியரைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே நீங்கள் செய்யவும் செய்து, அதற்காக ஏச்சும் வாங்குகிறீர்கள்.

ஒரு ஒற்றை ரூல் கொப்பி வாங்குங்கள். மூன்று வாரத்துக்கு, மொழிபெயர்க்க யார் கூப்பிட்டாலும் ஒரு கோடு, எத்தனை நிமிடம் போனது, அதனால் எந்த வேலை பிந்தியது, அவ்வளவுதான். நோயாளியின் பெயர் வேண்டாம். ஷிஃப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை கட்டில் என்பதையும் எழுதுங்கள். 2002இல் லிண்டா ஏய்க்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பார்த்தபோது, ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால் இந்தச் சோர்வுக்கான வாய்ப்பு 23 வீதம் கூடியது, அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 வீதம் கூடியது. அதனால் கட்டில் எண்ணிக்கையைச் சொல்வது குறை சொல்வதாகாது, நோயாளியின் உயிருக்காகப் பேசுவது.

கொப்பியோடு வார்ட் சிஸ்டரிடம் போங்கள். அழுதுகொண்டு நைட் முடிந்த கையோடு போகாமல், ஓய்வெடுத்துவிட்டு வந்த ஒரு நாளில் போங்கள். "கஷ்டமா இருக்கு சிஸ்டர்" என்றால் எல்லாருக்கும் கஷ்டம்தான் என்று முடிந்துவிடும். "டிஸ்சார்ஜ் நேரத்தில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடும்போது என் கட்டில்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றால் அதற்கு ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். 1987இலிருந்து தமிழும் இலங்கையில் அரசகரும மொழி, நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்வது ஆஸ்பத்திரியின் கடமை, உங்கள் ஒருவரின் தலைச்சுமை அல்ல. வழி பிறக்கவில்லையென்றால் வார்ட் மாற்றம் எழுத்தில் கேளுங்கள். மெடிக்கல் வார்டில் வாடிப்போனவர்கள் கிளினிக்கிலோ ஓப்பரேஷன் தியேட்டரிலோ தளிர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்கத்துக்கு ஒரு விஷயம் மட்டும். நைட்டில் 4 மணிக்குக் குடிக்கும் பிளேன்டீயில் உள்ள கஃபீனில் பாதியளவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும், நீங்கள் படுக்கும் நேரம் அது. கடைசி டீயை நடுச்சாமத்தோடு நிறுத்துங்கள். வீட்டில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள், அம்மாவிடம் ரேடியோவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணமும் இருந்தால் அது தப்பில்லை. 2022 நெருக்கடியின்போது அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் போக வழி செய்தார்கள். இன்றைக்குத் தாதியருக்கு என்ன நிபந்தனை என்று நிர்வாகக் கிளையில் கேளுங்கள், பயிற்சிக்குப் போகும்போது கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். இராஜினாமா செய்தால் திரும்பி வரும் கதவு கிட்டத்தட்ட அடைபட்டுவிடும், விடுமுறையில் போனால் திறந்தே இருக்கும். அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்த பஸ் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது இருந்து என்ன பயன் என்று ஒரு தடவை தோன்றினால்கூட, கொப்பி, ரோஸ்டர் எல்லாம் அப்புறம். அன்றைக்கே ஒரு மனநல வைத்தியரைப் பாருங்கள். கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுராத்திரி என்றால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, 24 மணி நேரமும் ஆள் இருக்கும்.

மூன்று வாரம் கழித்து கொப்பியில் எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள், சிஸ்டருக்குக் கொடுக்கும் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.