ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு ‘பெரியவர்கள் கடை’

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. பாலர் பள்ளியில் கேக் வெட்டிவிடுவான். அது போக, குடும்பமாக எங்காவது போய்ச் சாப்பிடலாம், எங்கே போகலாம் என்று கேட்டால், “பெரியவர்கள் போகிற கடை” என்கிறான். இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைச் சைவ உணவகங்களுக்கு மாதம் இரண்டு முறை போகிறோம், அது அவனுக்குப் புதிதல்ல. கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்திருக்கிறார், முட்டைகூடத் தொடமாட்டார். கணவர் எல்லாம் சாப்பிடுவார். இரண்டு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். போன ஆண்டு ஒரு பஃபே விருந்துக்குப் போய், அழுகையும் அவசரமுமாகப் பாதியில் எழுந்து வந்தோம். 200 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்), எங்கள் வீடு இருக்கும் பொங்கோலிலிருந்து ரயிலில் போய்வரும்படி ஓர் இடம் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது உங்கள் மகன் சொன்ன அந்தச் சொல். பொம்மை தரும் கடை, சறுக்குமரம் உள்ள கடை என்று அவன் கேட்கவில்லை. ஆகவே இடம் தேடுவதற்கு முன், இன்று இரவு படுக்கும்போது அவனிடம் ஒன்று கேளுங்கள்: “அந்தக் கடையில் என்னென்ன இருக்கும்?” இங்குள்ள ஹோட்டல் உணவகங்களில் பரிமாறுபவராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவள் நான். இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதிலில் சாப்பாடு அநேகமாக வராது. வெள்ளைத் துணி விரித்த மேசை, காம்பு வைத்த கண்ணாடிக் குவளை, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய உணவுப் பட்டியல், “உங்களுக்கு என்ன வேண்டும், சார்?” என்று கேட்கும் ஆள். இவைதான் வரும். அவன் கேட்பது இதுவானால், அதை 200 வெள்ளிக்குள் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

போன ஆண்டு அழுகையில் முடிந்ததற்குப் பெரும்பாலும் கடிகாரம்தான் காரணமாக இருந்திருக்கும். என் மூத்த மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு நானும் ஒரு ஹோட்டலில் இரவு ஏழரை மணி பஃபேக்கு இடம் பதிவு செய்தேன். எட்டரை மணிக்கு அவள் ரொட்டித் துண்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். புதுப்பாவாடையின் சரிகை கன்னத்தில் அழுந்திக் கிடக்க, அவளை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்தோம். அந்த நேரத்தில் உணவகம் நிரம்பி வழியும், அடுக்களை திணறும், பணியாளருக்குக் குனிந்து ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. பிள்ளைக்கோ பசியும் தூக்கமும் ஒன்றாக வரும் நேரம் அது. பஃபே இன்னும் கடினம். பெற்றோரில் ஒருவர் எப்போதும் தட்டோடு எழுந்து போயிருப்பார். நான்கு பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்கும் நிமிடங்கள் மிகக் குறைவு.

ஆகவே என் முதல் ஆலோசனை இது: மதிய உணவை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அவனுக்குப் பிடித்த பருப்பு சாதமோ எலுமிச்சை சாதமோ போதும். மகளைத் தூங்க வைத்து எழுப்புங்கள். மூன்று மணிக்கு மேசையில் உட்காரும்படி கிளம்புங்கள். வெளியே போவது ‘சாப்பாட்டுக்கு’ என்ற எண்ணத்தை விட்டுவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பசியில் அழ யாரும் இல்லை, மாமியாருக்கு முழுச்சாப்பாடு எங்கே கிடைக்கும் என்ற கவலை இல்லை, பில்லும் பாதியாகும்.

அந்த மூன்று மணி உணவகம் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது தெரியாது. மதியக் கூட்டம் போயிருக்கும். நாங்கள் வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் முக்கி எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருப்போம். நாப்கின்களை மடித்து அடுக்குவோம். ஒருநாள் ஐந்து வயதிருக்கும் பையன் ஒருவன் ஐஸ்கிரீமைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்து நின்றான். ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்டான். தண்ணீர்த் துளி காய்ந்தால் வெள்ளையாகத் தடம் விழும், வெளிச்சத்தில் பிடித்துப் பார் என்று எங்கள் மூத்த பணியாளர் ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஒரு துணியை அவன் கையில் கொடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு கரண்டிகள் துடைத்தான். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேராகப் பிடித்து, அதில் தலைகீழாகத் தெரியும் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தான். அடுத்த முறை வந்தபோது அவன் அம்மா சொன்னார், பள்ளியில் எல்லாரிடமும் “நான் ஹோட்டலில் வேலை பார்த்தேன்” என்று சொல்லியிருக்கிறான். இரவு எட்டு மணிக்கு எந்தப் பணியாளராலும் இதைச் செய்ய முடியாது.

இனி இடம். பல உணவகங்கள் இரண்டரை மணியிலிருந்து ஆறு மணிவரை மூடிவிடும். திறந்திருப்பவை ஹோட்டல் லவுஞ்சுகளும் நாள் முழுதும் நடக்கும் உணவகங்களும்தான். உங்கள் மகன் கேட்டதற்கு ஹோட்டல் லவுஞ்சுதான் பொருத்தம். பிற்பகல் தேநீர் என்று மூன்று அடுக்குத் தட்டில் சின்னச் சின்ன சாண்ட்விச், ஸ்கோன் என்ற சிறு ரொட்டி, கேக் வைத்துக் கொண்டுவருவார்கள். ஐந்து வயதுக் கண்ணுக்கு அது ஒரு கோபுரம். நான் உங்களுக்குச் சொல்வது ஆற்றோரத்தில் இருக்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல். 1928இல் கட்டிய கட்டடம், நெடுங்காலம் பொது அஞ்சல் அலுவலகமாக இருந்தது. உள்முற்றத்தின் உயரத்தைப் பார்த்தாலே பிள்ளை அண்ணாந்து நிற்பான். மாமியாருக்கும் அது பார்க்கத்தக்க இடம்.

விலையில் கவனம் வேண்டும். மூன்று பெரியவர்களுக்கும் தனித்தனியாக முழுத் தட்டு எடுத்தால் உங்கள் கணக்கைத் தாண்டிவிடும். இருவர் பகிரும்படி ஒரு தட்டு எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தனியாகக் கேக், பழம், ஐஸ்கிரீம், தேநீர் சொல்லலாமா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். சில இடங்களில் தலைக்கு ஒரு தட்டு கட்டாயம், சில இடங்களில் இல்லை. அது ஒத்துவராவிட்டால் வேறு ஹோட்டல் லவுஞ்சைக் கேட்கலாம், ஊரில் நிறைய இருக்கின்றன. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கும் சேர்த்து ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் கூடும். 100 வெள்ளி என்று இருப்பது பில்லில் 119 வெள்ளி 90 காசாக வரும். கையில் 200 வெள்ளி என்றால், பட்டியலில் 166 வெள்ளிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாரைப் பற்றி. முன்பதிவு செய்யும்போது ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஹோட்டல் அடுக்களையில் அந்தச் சொல்லுக்குள் முட்டை அடங்கும். சீன சைவத்திலோ வெங்காயமும் பூண்டும் கிடையாது, அது வேறு கணக்கு. “இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் எதுவும் கூடாது, பாலும் நெய்யும் சரி” என்று உடைத்துச் சொல்லுங்கள். ஜெலட்டினை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூஸ், சீஸ்கேக், மார்ஷ்மெல்லோ போன்றவற்றை உறைய வைக்க அதைச் சேர்ப்பதுண்டு, பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. கேக், ஸ்கோன் எல்லாவற்றிலும் முட்டை இருக்கலாம் என்பதால், அவருக்கென்று நறுக்கிய பழத் தட்டும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் கேட்டு வைத்துவிடுவது நல்லது. அவர் தட்டு வெறுமையாக இருந்தால் பேரனுக்கும் தொண்டையில் இறங்காது.

சொந்தமாகக் கேக் கொண்டுபோக எண்ணினால், அதையும் முன்பே கேளுங்கள். ஹலால் சான்றிதழ் பெற்ற இடங்களில் வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள். சைவ உணவகங்களில் முட்டை சேர்ந்த கேக்குக்கு இடமில்லை. வேறு சில இடங்களில் கேக் வெட்டித் தருவதற்கே தனிக் கட்டணம். உங்கள் மகன்தான் பள்ளியில் வெட்டிவிடுகிறானே, இரண்டாவது கேக் வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஹோட்டல் வேண்டாம், இன்னும் எளிமையாக வேண்டும் என்றால் இதே மூன்று மணிக்கு ஸ்வென்சன்ஸ் போன்ற ஐஸ்கிரீம் உணவகம். ‘எர்த்குவேக்’ என்று எட்டு உருண்டை ஐஸ்கிரீமை உலர்பனிப் (உறைந்த கரியமில வாயு) புகையோடு கொண்டுவருவார்கள். ஐந்து பேர் ஒரே கிண்ணத்தில் சாப்பிடலாம். உலர்பனியைப் பிள்ளைகள் தொடவே கூடாது, புகை அடங்கும்வரை கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள்.

உங்கள் கணவர் சுழலும் பட்டையில் சூஷி வரும் கடைகளைச் சொல்லக்கூடும். பிள்ளைகள் அங்கே மயங்கித்தான் போவார்கள், பொம்மை ரயிலில் தட்டு வந்து நிற்கும் கடைகூட இருக்கிறது. ஆனால் மாமியாரோடு போகும் நாளுக்கு அது வேண்டாம். இறைச்சி இல்லாததுபோல் தெரியும் மீசோ சூப்பிலும், இனிப்பான டோஃபு உறைக்குள் சோறு வைத்த இனாரியிலும் வழக்கமாகச் சேரும் சாறு உலர்ந்த மீனிலிருந்து எடுப்பது. அப்பாவும் மகனும் மட்டும் வேறொரு சனிக்கிழமை போகட்டும். மேசை நடுவே கொதிக்கும் சூப்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் ஹைடிலாவ் கடையில், நூடல்ஸ் மாவை ரிப்பன்போல் சுழற்றி ஆடிக்காட்டுவதும் அவனுக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையோடு கொதிக்கும் பானையைச் சுற்றி உட்கார எனக்குத் துணிவில்லை. போனாலும், பணியாளர் சூப் ஊற்ற வரும் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். விலங்கியல் தோட்டத்தில் விலங்குகளைப் பார்த்தபடி காலை உணவு உண்ணும் ஏற்பாடும் நல்லது, நேரமும் பிள்ளைக்கு ஏற்றது. ஆனால் நுழைவுச்சீட்டும் சேர்ந்தால் 200 வெள்ளி போதாது.

முன்பதிவுக்கு வருகிறேன். வார நாளில் உங்களுக்கு விடுப்பு கிடைத்தால் அதுவே மேல், இல்லாவிட்டால் சனிக்கிழமை. சுவரோரமோ மூலையிலோ மேசை கேளுங்கள், தள்ளுவண்டியை நிறுத்த இடம் இருக்கும். மகளுக்குக் குழந்தை நாற்காலி வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், நாற்காலிகள் எண்ணி நான்கைந்துதான் இருக்கும். எவ்வளவு நேரம் உட்காரலாம் என்றும் கேளுங்கள், ஒன்றரை மணி, இரண்டு மணி என்று வரம்பு வைப்பார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: “என் மகன் தனக்கு வேண்டியதைத் தானே கேட்பான், அவனிடம் பட்டியலைக் கொடுங்கள்.” நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு குறிப்பு முன்பதிவில் இருந்தால், அந்த மேசைக்குப் பொறுமையான ஆளாகப் பார்த்து அனுப்புவேன்.

வீட்டில் இரண்டு நாள் அதைப் பழக்கிவிடுங்கள். அவனால் படிக்க முடியாவிட்டால் என்ன, இரண்டு பொருள்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மேசையில் அவன் வாய் திறக்கத் தயங்கினால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பணியாளர் காத்திருப்பார். ஆறாவது ஏழாவது எண்ணில் சின்னக் குரல் வந்துவிடும், நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

மகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. தட்டில் முழுத் திராட்சையோ சின்னத் தக்காளியோ இருந்தால் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள், உருண்டையாக இருப்பது குழந்தையின் தொண்டையை அப்படியே அடைத்துவிடும். முழு முந்திரி, பாதாம் கொடுக்கவே வேண்டாம்.

பொங்கோலிலிருந்து வடகிழக்குப் பாதை ரயில். அதற்கு ஓட்டுநர் கிடையாது, ஆகவே முதல் பெட்டியில் ஏறினால் முன்கண்ணாடி வழியே சுரங்கப்பாதை முழுவதையும் அவன் பார்த்துக்கொண்டே வரலாம். பதினோராவது நிறுத்தம் டோபி காட். அங்கே வடக்கு தெற்குப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் ராஃபிள்ஸ் பிளேஸ், ஃபுல்லர்ட்டனுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். ரயிலுக்குள் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளிவரை அபராதம் உண்டு. மகளுக்குப் பாலோ பிஸ்கட்டோ கொடுப்பதை நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தால் வெயில் சற்றுத் தாழ்ந்திருக்கும். உடனே ரயிலைப் பிடிக்காதீர்கள். ஹோட்டலை ஒட்டிய கேவனா பாலத்தின் பக்கம், ஐந்து வெண்கலச் சிறுவர்கள் ஆற்றில் குதித்துக்கொண்டிருக்கும் சிலை இருக்கிறது. பாட்டி சிறுமியாக இருந்தபோது காவிரிப் படித்துறையில் பிள்ளைகள் எப்படிக் குதித்தார்கள் என்று அங்கே நின்று பேரனுக்குச் சொல்லட்டும். அந்தப் பாலத்தருகே கீழே குனிந்து தேடினால் குட்டிப் பூனைச் சிலைகளும் தென்படும். எத்தனை என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் மகன் எண்ணட்டும்.