டி-ரெக்ஸின் கைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பரிணாமம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டைரனோசாரஸ் ரெக்ஸ் (டி-ரெக்ஸ்) என்ற டைனோசர் வாயாலேயே வேட்டையாடியதால் கைகளுக்கு வேலையில்லாமல் அவை சூம்பிவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியென்றால், அழியாமல் இருந்திருந்தால் கடைசியில் கையே இல்லாமல் போயிருக்குமா?

க.

அன்புள்ள க.,

'வேலையில்லாததால் சூம்பியது' என்பது 1809ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் சொன்ன விளக்கம். கேட்டதும் சரியென்று தோன்றும், அதுதான் அதன் ஆபத்து. ஒரு விலங்கு ஆயுள் முழுக்கக் கையை அசைக்காமல் இருந்தாலும் அதன் குஞ்சுக்குக் கை குட்டையாகாது. குட்டைக் கையோடு பிறந்தவற்றுக்கு அதனால் நஷ்டம் இல்லாமலோ, ஏதாவது லாபமோ இருந்திருக்க வேண்டும்.

தவிர, டி-ரெக்ஸின் கையைச் சூம்பியது என்று சொல்வதே எனக்குச் சம்மதமில்லை. 12 மீட்டர் உடலில் 1 மீட்டர் கை, அதில் இரண்டே விரல். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் 1988ல் அமெரிக்காவின் மொன்டானாவில் முழுக் கை கிடைத்தபோது அந்த எலும்பு தடித்து, தசை பற்றிய தழும்புகளோடு இருந்தது. நிஜமாகவே சூம்பிய கை கார்னோடாரஸுடையது. 1985ல் தொல்லுயிரியலாளர் ஹோசே போனபார்ட்டே விவரித்த அர்ஜென்டின டைனோசர். அதன் முன்கை மேற்கையில் கால்பங்குதான், மணிக்கட்டு எலும்பே கிடையாது. விரல்கள் மட்டும் நான்கு!

இவை இரண்டும் நெருங்கிய உறவுகள் அல்ல. 2022ல் அறிவிக்கப்பட்ட மெராக்ஸஸ் என்ற டைனோசர் மூன்றாவது கிளை. டி-ரெக்ஸ் தோன்றுவதற்கு 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் கிளை அழிந்துவிட்டது, அதற்கும் குட்டைக் கைதான். ஆக, மூன்று குடும்பங்களில் தனித்தனியாக நடந்திருக்கிறது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது பிரம்மாண்டமான தலை. பிடிக்கும் வேலையைத் தாடை எடுத்துக்கொண்டது என்பது வரை உங்களோடு உடன்படுகிறேன். கூட்டமாக இரை தின்னும்போது பக்கத்துத் தாடையில் சிக்காமலிருக்கக் கை குறுகியது என்று 2022ல் தொல்லுயிரியலாளர் கெவின் பேடியன் ஒரு கருத்தை முன்வைத்தார். சுவாரஸ்யமான ஊகம், ஆனால் எப்படிச் சோதிப்பது?

இதே ஊனுண்ணிக் குலத்தில் கை நீண்ட கிளைகளும் உண்டு. டைனானிக்கஸின் மணிக்கட்டில் பிறை வடிவ எலும்பு ஒன்று இருக்கிறது. அதனால் அது கையைப் பக்கவாட்டில் மடக்க முடிந்தது, பறவை சிறகை மடக்குவது போல. 2007ல் வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் முடிச்சுகளையே கண்டார்கள். (டைனோகைரஸ் கதையையும் சொல்லாமலிருக்க முடியவில்லை: 1965ல் மங்கோலியாவில் 2.4 மீட்டர் கைகள் கிடைத்தன, என்ன பயங்கர வேட்டை மிருகமோ என்று எல்லோரும் மிரண்டார்கள். 2014ல் உடல் தெரியவந்தபோது அது வாத்து மூக்கும் முதுகில் திமிலும் கொண்ட, செடியும் மீனும் தின்கிற பிராணி!)

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். டி-ரெக்ஸுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குலத்தில் மிஞ்சியவை பறவைகள். பறக்காத தீக்கோழி, துணையை மயக்கவும் ஓடும்போது திரும்பவும் தன் பெரிய சிறகை வைத்துக்கொண்டிருக்கிறது. அதேபோலப் பறக்காத, நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்துபோன மோவா என்ற பறவைக்குச் சிறகெலும்பு ஒன்றுகூட இருக்கவில்லை.