தென்னை நார்க்கழிவு சும்மா கிடைக்கிறது, அப்படியே வயலில் கொட்டலாமா?

கொட்டலாம், அந்தப் போகத்து விளைச்சலை மறந்துவிடுவதாக இருந்தால். நான் கொட்டிப் பார்த்தவன்.

எங்கள் தோட்டம் கிணத்துக்கடவுப் பக்கம். செம்மண், தண்ணீர் நிற்காது. பொள்ளாச்சி வட்டாரத்தில் நார் மில்லுக்கா பஞ்சம்? வண்டி வாடகை மட்டும் கொடுத்து இரண்டு டிராக்டர் நார்க்கழிவுத் தூள் கொண்டுவந்து இறைத்து, உழுது, தக்காளி நட்டேன். மூன்றாம் வாரம் அடியிலைகள் மஞ்சளடித்தன. நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "மக்காத குப்பையப் போட்டா அது உன்ற பயிரோட சோத்தத்தான் திங்கும் கண்ணு" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்றால் கரிமம் (கார்பன்) சுமார் 112 பங்கு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் கிடைக்காததை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். போதாததற்கு இதில் நாருக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம், லேசில் மட்காது.

அப்புறம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைக்கு வந்தேன். 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, மட்க வைக்க 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. மர நிழலில் 100 கிலோ தூளைப் பரப்பி அதன்மேல் ஒரு பாட்டில் வித்து, அடுத்த 100 கிலோவின்மேல் 1 கிலோ யூரியா, இப்படி மாற்றி மாற்றி இடுப்பளவு உயரம். ஈரம் காயக் கூடாது, அவ்வளவுதான் வேலை. சில நாளில் கையை உள்ளே விட்டால் சூடு தெரிந்தது. செங்காவி நிறத் தூள் இரண்டு மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வந்துவிட்டது. கரிமம், தழைச்சத்து விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடும் என்கிறார்கள். யூரியா பிடிக்காதவர்கள் கோழி எரு கலக்கிறார்கள், அதுவும் சரிதான்.

ஏக்கருக்கு 5 டன் அடியுரமாகப் போட்டேன். விளைச்சல் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மட்கிய பிறகும் தழைச்சத்து 1 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் மற்ற உரத்தை அடியோடு நிறுத்த முடியவில்லை. மாறியது தண்ணீர்க் கணக்கு. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் பொருள் இது. மூன்று நாளைக்கு ஒருமுறை பாய்ச்சிய பாத்தியில் இப்போது ஐந்தாம் நாள் விரலால் கிளறினாலும் ஈரம் ஒட்டுகிறது. எனக்கு அது போதும், எங்கள் கிணற்றின் லட்சணம் அப்படி.

மில்லில் தூள் எடுக்கும்போது பழைய குவியலாகக் கேளுங்கள். நாலைந்து மழை பட்டதில் உப்பும் துவர்ப்பும் ஓரளவு கழுவிப் போயிருக்கும்.